டிஸ்க் 100 சதவீதம், வேகம் பூஜ்யம்: ஒரு பழைய லேப்டாப்பும் அதன் டிரைவரும்

2016 கடைசியில் பாண்டியில் வாங்கிய லேப்டாப் இது. அப்போது கடலூர்க்காரர்கள் விலை கொஞ்சம் குறையும் என்று எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க பாண்டிக்கு பஸ் ஏறுவது வழக்கம். கம்பெனி பெயர் வேண்டாம். ஆறாம் தலைமுறை ஐ3 பிராசசர், 1 டிபி சுழலும் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ராம் 4 ஜிபிதான் இருந்தது, பின்னால் 8 ஆக்கினேன். திருப்பாப்புலியூர் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டன் போடுவது என் வேலை. டேலி, எக்செல், பிரவுசர், பிரிண்டர் இவற்றுக்கு மேல் இந்த மெஷினிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

மற்ற சங்கதிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கீபோர்டு அருமை, நம்பர் பேடில் எழுத்து அழிந்துவிட்டது, விசை ஒன்றுகூடப் போகவில்லை. பேட்டரி ஒருமுறை மாற்றியாயிற்று. உப்புக்காற்று ஊரில் எல்லாவற்றையும் தின்பது போல அடிப்பக்க ஸ்க்ரூக்களையும் ஒரு யுஎஸ்பி போர்ட்டையும் தின்றிருக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் ராத்திரி மெஷினை மேஜை மேல் திறந்து போடாமல் பைக்குள் வைப்பது நல்லது. திரை சுமார்தான், வெயில் நேரத்தில் ஜன்னல் பக்கம் உட்கார முடியாது.

இத்தனை வருடத்தில் என்னை உண்மையிலேயே படுத்தியது ஒன்றே ஒன்று, டிஸ்க்.

மவுஸ் அம்பு நகரும். ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் பதில் இருக்காது. டேலியில் வவுச்சர் சேவ் கொடுத்தால் அப்படியே உறைந்து நிற்கும், பிறகு திடீரென்று நிலுவையில் இருந்த கிளிக் எல்லாம் ஒரே மூச்சில் நடக்கும். பல நாள் ஒன்றும் இருக்காது. திடீரென்று ஒருநாள் காலையிலிருந்து மதியம் வரை இதே கதை. அதுவும் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று கெடு நெருங்கும்போது வந்ததுதான் நன்றாக நினைவிருக்கிறது. மற்ற நாளில் வந்தால் எழுந்து போய் டீ குடித்திருப்பேன், அவ்வளவுதான்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் பத்தி சிவந்துபோய் 100 சதவீதம் காட்டியது. அடுத்து எல்லோரும் பார்ப்பது எந்த புரோகிராம் தின்கிறது என்பதை. அந்தப் பட்டியலில் ஒன்றுமே இல்லை. எல்லாம் 0, 0.1 எம்பி. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால் ஆக்டிவ் டைம் 100, ஆனால் படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் பூஜ்யம். ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் பல ஆயிரம் மில்லிசெகண்ட். இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு முழுச் சுற்றுக்கு எடுப்பது சுமார் 11 மில்லிசெகண்ட். தகவலைப் படிக்கும் முள் நகர்வதையும் சேர்த்தால் ஒரு வேலைக்குப் பத்திருபது ஆகலாம். கொஞ்சம் வரிசை கட்டி நின்றால் நூறு, இருநூறு. ஆயிரக்கணக்கில் போகிறது, அதே நேரம் ஒரு பைட்கூட நகரவில்லை என்றால் டிஸ்க் உழைக்கவில்லை, எதற்கோ காத்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த 100 சதவீதம் வேகத்தின் கணக்கு அல்ல. எவ்வளவு நேரம் டிஸ்க்கிடம் முடியாத வேலை ஒன்றாவது பாக்கி இருந்தது என்பதன் கணக்கு. ரேஷன் கடையில் பில் மெஷினுக்கு சிக்னல் போய்விட்டால் கடை திறந்தே இருக்கும், வரிசையும் தெரு வரை நிற்கும், ஒரு படி அரிசிகூட நகராது. அதே நிலைமை. இன்னொரு அடையாளமும் உண்டு, யாரும் சொல்லிக் கேட்டதில்லை. டிஸ்க் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் காதை வைத்துக் கேட்டால் முள் ஓடும் கரகர சத்தம் இருக்காது. உண்மையிலேயே உழைக்கிற ஹார்டு டிஸ்க் மௌனமாக இருக்காது.

லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் காட்டினேன். பையன் பட்டனை அழுத்திப் பார்த்த கையோடு, "டிஸ்க் போயிடுச்சு சார், எஸ்எஸ்டி போட்டுக்குங்க, பறக்கும்" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், பத்தில் பல கேஸில் அதுதான் சரியான வைத்தியம். ஆனால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 05, சி5 இரண்டு வரியும் பூஜ்யம். முதலாவது பழுதாகி மாற்றப்பட்ட செக்டார்கள், இரண்டாவது சந்தேகத்தில் நிற்கும் செக்டார்கள். சாகப்போகிற டிஸ்க் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றிலாவது காட்டிக்கொடுக்கும். "பார்க்கலாம் தம்பி" என்று சொல்லி மெஷினை எடுத்து வந்துவிட்டேன்.

இந்தப் பிரச்சினைக்கு ஊரெல்லாம் சொல்லும் கைவைத்தியங்கள் உண்டு. சிஸ்மெயின் சர்வீஸை நிறுத்து (முன்பு இதன் பெயர் சூப்பர்ஃபெட்ச்), விண்டோஸ் சர்ச்சை நிறுத்து, ஆன்டிவைரஸை மாற்று. எல்லாம் செய்தேன், ஒரு மாற்றமும் இல்லை. யோசித்தால் இருக்கவும் முடியாது. அவை டிஸ்க்கை நிஜமாகவே ஓட்டுபவை; அவை காரணமாக இருந்தால் எம்பி கணக்கில் வேகம் தெரிய வேண்டும். ரிசோர்ஸ் மானிட்டரில் டேலி ஃபைல், பிரவுசர் கேச், விண்டோஸின் பேஜ் ஃபைல் எல்லாமே ஒரே மாதிரி மாட்டிக்கொண்டு நின்றன. எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள், குற்றவாளி மட்டும் பட்டியலில் இல்லை. அப்படியென்றால் கோளாறு புரோகிராம்களுக்குக் கீழே எங்கோ இருக்கிறது.

விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவர்தான் காட்டிக்கொடுத்தது. விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். உறைந்த நேரங்களில் எல்லாம் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரே எச்சரிக்கை: எண் 129, அனுப்பியது ஸ்டோர்ஏஎச்சிஐ, ரெய்ட்போர்ட்0 சாதனத்துக்கு ரீசெட் கொடுக்கப்பட்டது என்று. டிஸ்க்கிலேயே பழுது என்றால் எண் 7 வந்திருக்கும், அது பேட் பிளாக் செய்தி. எனக்கு அது ஒன்றுகூட இல்லை. ஸ்டோர்ஏஎச்சிஐ என்பது விண்டோஸோடு சேர்ந்தே வரும் சாட்டா டிரைவர், அதாவது டிஸ்க் இணைப்பை இயக்கும் மென்பொருள். இந்தப் பெயரை வைத்துத் தேடியபோது மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 10க்கு இதைப் பற்றி விளக்கக் குறிப்பு வெளியிட்டிருப்பது தெரிந்தது.

விஷயம் இதுதான். டிஸ்க் ஒரு வேலையை முடித்ததும் பிராசசருக்குச் சொல்ல வேண்டும். பழைய முறையில் அதற்கென்று ஒரு இன்டரப்ட் லைன் உண்டு, பிராசசரைக் கூப்பிடும் மணிக்கயிறு மாதிரி. எம்எஸ்ஐ என்ற புதிய முறையில் கன்ட்ரோலர் (டிஸ்க்கைக் கட்டுப்படுத்தும் சிப்), நினைவகத்தில் குறிப்பிட்ட முகவரியில் ஒரு சின்னச் செய்தியை எழுதும், அதுவே தகவல். சில கன்ட்ரோலர்களின் ஃபர்ம்வேரில், அதாவது அவற்றுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில், பிழை இருப்பதால் எம்எஸ்ஐ முறையில் வேலைகள் ஒழுங்காக முடிவதில்லை. டிரைவர் காத்திருக்கிறது, பொறுமை போனதும் சாதனத்தை ரீசெட் செய்கிறது, மறுபடி காத்திருக்கிறது. 129 எச்சரிக்கை அந்த ரீசெட்தான். ஆக டிரைவர் தனியாகக் குற்றவாளி இல்லை. ஃபர்ம்வேரும் டிரைவரும் சேர்ந்த கூட்டு. என் லேப்டாப் கம்பெனி பயாஸ் அப்டேட் கொடுத்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். புது மாடல் வந்ததும் பழைய மாடல் இருப்பதையே மறந்துவிடுகிற கம்பெனியிடம் அதை எதிர்பார்க்க முடியவில்லை. அவர்கள் இணையப் பக்கத்தில் கிடந்த பழைய டிரைவரை நிறுவப் பார்த்தேன். இந்தக் கணினிக்குத் தகுதி போதாது என்று அது பாதியிலேயே நின்றது.

சரி, செய்தது என்னவென்றால்: டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர் பகுதியைத் திறந்து, ஸ்டாண்டர்டு சாட்டா ஏஎச்சிஐ கன்ட்ரோலரின் பிராப்பர்ட்டீஸுக்குப் போனேன். டிரைவர் டீடெய்ல்ஸில் ஸ்டோர்ஏஎச்சிஐ பெயர் இருப்பதை உறுதி செய்துகொண்டு, டீடெய்ல்ஸ் தாவலில் டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத் என்ற நீளமான முகவரியைக் குறித்துக்கொண்டேன். பிறகு விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டர். லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், ஈனம் (Enum), பிசிஐ என்று இறங்கி, குறித்து வைத்த முகவரியின் கீழ் டிவைஸ் பாராமீட்டர்ஸ், இன்டரப்ட் மேனேஜ்மென்ட், கடைசியாக மெசேஜ் சிக்னல்டு இன்டரப்ட் பிராப்பர்ட்டீஸ். அங்கே எம்எஸ்ஐசப்போர்ட்டட் என்ற மதிப்பு 1 என்று இருந்தது. அந்தக் கிளையை முதலில் எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் போட்டுவிட்டு, 0 ஆக்கி, ரீஸ்டார்ட். பிசிஐ கிளையில் ஒரே மாதிரி பெயரில் ஏகப்பட்ட வரிகள் இருக்கும், முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். வேறு சாதனத்தில் கை வைத்தால் வம்பு.

அன்றோடு உறைவது நின்றது. எம்எஸ்ஐயை நிறுத்தினால் வேகம் குறையுமோ என்று பயந்தேன். என் வேலைக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. 129 எச்சரிக்கையும் அதன்பிறகு வரவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் இவ்வளவு நம்பிக்கையோடு எழுதியிருக்க மாட்டேன். பிறகு எஸ்எஸ்டி போட்டேன், வேறு காரணத்துக்காக. டேலி டேட்டா பெருத்துவிட்டது. சர்வீஸ் கடைப் பையன் சொன்னது போலவே பறந்தது. கொஞ்ச நாளில் விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. மறுநாளே பழைய கதை: 100 சதவீதம், பூஜ்யம் வேகம், 129. புத்தம்புது எஸ்எஸ்டியில்! ரெஜிஸ்ட்ரியில் பார்த்தால் அந்த மதிப்பு சத்தமில்லாமல் 1க்குத் திரும்பியிருந்தது. 0 ஆக்கியதும் சரியாகிவிட்டது. அன்றே எஸ்எஸ்டி மாற்றியிருந்தால் பணமும் போயிருக்கும், நோயும் இருந்திருக்கும். அப்போதிலிருந்து பெரிய அப்டேட் வந்தால் நான் முதலில் திறப்பது ரெஜிஸ்ட்ரியைத்தான்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. ஆறாம் தலைமுறை பிராசசர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம், நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். வாங்கியதற்கு வருந்தவில்லை, அதே கம்பெனியில் மறுபடி வாங்கவும் மாட்டேன். ஒரு விஷயம் மட்டும்: உங்கள் மெஷினில் டிரைவர் டீடெய்ல்ஸில் ஸ்டோர்ஏஎச்சிஐக்குப் பதில் வேறு பெயர் இருந்தாலோ, 129க்குப் பதில் 7 வந்தாலோ மேலே சொன்ன ரெஜிஸ்ட்ரி வேலை எதையும் தொட வேண்டாம். 7 வந்தால் அன்றைக்கே டேட்டாவை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.