ஓர் அறிவியல் சிற்றிதழும் அதன் கணினிக் கருவிகளும்: கோத்தகிரியில் 16 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கோத்தகிரியிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை வெளிவரும் ஒரு சிறிய அறிவியல் இதழின் பதிப்பாசிரியர் பொறுப்பை 2008இல் ஏற்றேன். சோலைக்காடுகள், பறவைகள், மழைக்கணக்கு, தேயிலைத் தோட்டங்களை ஒட்டி ஓடும் ஓடைகள் என்று பள்ளி ஆசிரியர்களும், வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும், கல்லூரி மாணவர்களும் எழுதி அனுப்புவதைத் திருத்தி, 64 பக்கங்களில் அச்சிட்டு அஞ்சலில் சேர்ப்பதுதான் வேலை. இடையில் ஐந்து நூல்களும் அதே மேசையிலிருந்து வெளிவந்தன. இந்த 16 ஆண்டுகளில் பயன்படுத்தும் மென்பொருள்களை மூன்று முறை மாற்ற நேர்ந்தது. புதிதாக வாங்கிய கருவியைப் பற்றி முதல் மாதத்திலேயே எழுதிவிடுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தக் கருவியில் செய்த கோப்பைப் பத்து ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தவர்கள் எழுதியதை நான் அதிகம் படித்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் எங்களிடம் இருந்தவை பேஜ்மேக்கரும், விலை கொடுத்து வாங்கிய ஒரு தமிழ் எழுத்துருத் தொகுப்பும். அந்தத் தொகுப்பு இயங்க வேண்டுமென்றால் கணினியின் பின்புறத்தில், அச்சுப்பொறியைப் பொருத்தும் இடத்தில், டாங்கிள் என்கிற கட்டைவிரல் அளவுப் பூட்டு ஒன்றைச் செருகியிருக்க வேண்டும். பேஜ்மேக்கரோ 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள். அது தெரிந்தும், நாங்கள் அணுகிய அச்சகங்கள் எல்லாம் அந்தக் கோப்பைத்தான் கேட்டன என்பதால் அதிலேயே தொடர்ந்தோம். பக்கம் அமைக்க அது விரைவாகவும் எளிமையாகவும் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மெய்ப்பு, அதாவது பிழை பார்க்க எடுக்கும் அச்சுநகல், மட்டும் தாளில்தான் வரும். கோவையில் எடுத்து, மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்தில் போட்டு அனுப்புவார்கள். 2009 நவம்பர் பெருமழையில் மண்சரிந்து மலைப்பாதைகள் அடைபட்டபோது, அந்த ஆண்டின் இரண்டாம் இதழுக்கான மெய்ப்பு இரண்டு வாரம் வந்து சேரவில்லை.

அந்த எழுத்துருவின் உண்மையான குறை அப்போது எங்கள் கண்ணில் படவில்லை. திரையில் தமிழாகத் தெரிந்தவை கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளாகவும் குறியீடுகளாகவுமே இருந்தன. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது, அவ்வளவே. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறி (யூனிகோட்), டேஸ்16 என்னும் எழுத்துக் குறியீட்டு முறைகளைத் தரமாக அறிவித்தபோதுகூட, அச்சுக்கு இதனால் என்ன என்றுதான் நினைத்தேன். 2013இல் பழைய கணினி பழுதாகிப் புதியது வாங்கியபோது அதில் டாங்கிளைச் செருக இடமே இல்லை. பத்து இதழ்களின் கோப்புகள் கைவசம் இருந்தும் அவற்றைப் படிக்க வழியில்லாமல் நின்றோம். பக்கம் அமைக்கும் இன்னொரு மென்பொருளான இன்டிசைனின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும் என்று தெரிந்து, அந்தப் பதிப்பு வைத்திருந்த ஒருவரைத் தேடிப் பிடித்து எட்டு இதழ்களின் உரையைப் பிரித்தெடுத்தோம். மீதி இரண்டும் திறக்கவில்லை.

பிரித்தெடுத்த உரையை ஒரு மாற்றி நிரலில் போட்டு ஒருங்குறியாக்கினோம். படித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. சில மாதங்கள் கழித்து, எங்கள் ஆசிரியர் குழுவில் இருக்கும் ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை ஒரு கட்டுரைக்காகப் பழைய இதழ்களில் தேடிவிட்டுத் தொலைபேசியில் கேட்டார்: “அஞ்சு வருஷத்துல வௌவாலைப் பத்தி நாம ஒரே ஒரு கட்டுரைதான் போட்டிருக்கோமா, தம்பி? நானே மூணு எழுதினதா ஞாபகம்.” அவர் நினைவில் பிழை இல்லை. பழைய எழுத்துருவில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ‘ள’ எழுத்துக்கும் ஒரே வடிவம்தான் இருந்தது. தட்டச்சு செய்தவர் ஒற்றைக்கொம்பு, ‘வ’, ‘ள’ என்று அடித்திருந்தார். மாற்றி நிரலும் அதை அப்படியே ‘வெள’ என்று எழுதிவிட்டது. ‘வௌவால்’ என்பதில் ‘வ’ எழுத்தும் ஔகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகள் தொடக்கத்தில் நிற்கின்றன. ‘வெளவால்’ என்பதிலோ அந்த இடத்தில் ‘வ’, எகரக் குறி, ‘ள’ என்று மூன்று. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்று. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். கௌதாரியும் பௌர்ணமியும் இப்படியே காணாமல் போயிருந்தன.

இதைத் திருத்தப் போய் நான் செய்த காரியம் இன்னும் மோசம். எகரக் குறியை அடுத்து ‘ள’ வரும் இடங்களையெல்லாம் ஔகாரமாக மாற்றும்படி ஒரே கட்டளை கொடுத்தேன். வெள்ளமும் வெளியீடும் தெளிவும் ஒரு நொடியில் சிதைந்தன. நகல் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். பிறகுதான் விதியைச் சற்று யோசித்து எழுதினேன்: ‘ள’வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடக்கூடாது, அகரமேறிய ‘ள’வாக இருந்தால் மட்டும் நிறுத்திக் காட்ட வேண்டும், முடிவு செய்வது மனிதர். மனிதர் ஏன் தேவை என்றால், உழவர்களிடம் எடுத்த நேர்காணல்களில் ‘வெளஞ்சது’, ‘வெளக்கு’ என்று பேச்சுவழக்கு வந்திருந்தது.

ரகரத்தின் கதை இதைவிட வேடிக்கையானது. பழைய அச்சு வழக்கில் ரி, ரீ, ர் ஆகியவற்றை அடியில் சாய்கோடு இல்லாமல் அமைப்பார்கள். அந்த வடிவத்தைப் பெறத் தட்டச்சர்கள் ‘ர’வுக்குப் பதிலாகத் துணைக்காலை அடித்துவிட்டு அதன்மேல் கொக்கியைப் போடுவது வழக்கம். ஒருங்குறிக்கு வந்தபோது எங்கள் இதழில் நீலகிரி என்ற சொல்லே பாதிக்கு மேற்பட்ட இடங்களில் ‘நீலகிாி’ என்று இருந்தது. சில செயலிகளில் புள்ளியிட்ட வட்டம் ஒன்று இடையில் தோன்றிப் பிழையைக் காட்டிக்கொடுத்தது. சிலவற்றில் அதுவும் இல்லை. நீலகிரியைப் பற்றிய இதழில் நீலகிரியைத் தேடினால் கிடைக்காது என்ற நிலை ஏறக்குறைய ஓராண்டு நீடித்தது. துணைக்காலை அடுத்து இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ தமிழில் வரவே முடியாது என்பதால், இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடிந்தது.

2014 முதல் கட்டுரைகளை லிப்ரே ஆஃபிஸ் என்னும் கட்டணமில்லா எழுதும் மென்பொருளில் திருத்துகிறோம். மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதிதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆதாயம். யார் எந்த எண்ணை ஏன் மாற்றினார் என்பது தெரிகிறது. கட்டுரையாளர் ஏற்கலாம், மறுக்கலாம். முன்பெல்லாம் சிவப்பு மையில் திருத்திய தாளை அச்சகத்தில் மறுபடி அடிக்கும்போது, ஒரு பிழை போய் இன்னொன்று வரும். ஒரு மழை அட்டவணையில் 8.2 மி.மீ. என்பது 82 ஆக அச்சாகி, அடுத்த இதழில் பிழைதிருத்தம் போடுவதற்குள் ஆறு மாதம் ஆகிவிட்டது. அந்தப் பிழைதிருத்தத்தைப் படித்தவர் எத்தனை பேரோ.

எழுத்துப்பிழை திருத்திகளைப் பற்றி மிகையாகச் சொல்ல எதுவும் இல்லை. விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் சேர்ந்து ஒரே சொல் நூறு வடிவம் எடுக்கும் மொழியில், எந்த அகராதியும் சரியான சொல்லுக்கடியிலும் கோடு போடத்தான் செய்யும். வல்லினம் மிகும் இடங்களைக் காட்டும் நாவி போன்ற கருவிகள் களைத்த கண்ணுக்கு உதவுகின்றன. முடிவை அவற்றிடம் விடுவதில்லை.

பக்கம் அமைக்க இப்போது பயன்படுத்துவது சீலேடெக். 1977இல் தம் நூலின் மறுபதிப்புக்காக வந்த மெய்ப்பின் தோற்றம் பிடிக்காமல் டொனால்டு குனூத் தாமே உருவாக்கத் தொடங்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலின் வழியில், ஒருங்குறி எழுத்துகளை நேரடியாகக் கையாளும்படி ஜொனாதன் கியூ 2004இல் வெளியிட்டது சீடெக். அதன்மேல் அமரும் கட்டளைத் தொகுப்பு சீலேடெக். தோடர், கோத்தர் மொழிகளில் வழங்கும் செடிப் பெயர்களை ஒலிக்குறிகளோடும், அறிவியல் பெயரை லத்தீன் எழுத்திலும், விளக்கத்தைத் தமிழிலும் ஒரே வரியில் வைக்க முடிந்தது எனக்கு இதில்தான். பழைய எழுத்துருவில் ஒலிக்குறிக்காக இடம் விட்டுவிட்டுக் கையால் எழுதிய காலம் உண்டு.

வரிகளை இருபுறமும் நேராக்குவது தமிழில் தனிப் பாடு. ‘கணக்கெடுக்கப்பட்டவற்றிலிருந்து’ என்பது ஒரே சொல்; இரண்டு பத்திகளாகப் பிரித்த பக்கத்தில் அது வரி முடிவில் அடங்காவிட்டால், மேல் வரியில் சொற்களுக்கு இடையே பள்ளம் விழும். சொல்லை அசை பார்த்துப் பிரிக்கும் தமிழ் வடிவத் தொகுப்பு டெக்கில் இருக்கிறது. அது பிரித்த இடத்தில் சிறுகோடு போடும். தமிழ் அச்சு மரபில் கோடு போடாமலே பிரிப்போம் என்பதால் அதை நிறுத்தி வைத்திருக்கிறேன். அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கக்கூடாது என்பதை மட்டும் இன்றும் ஒவ்வொரு மெய்ப்பிலும் கண்ணால் பார்க்கிறேன். நிரலை நம்பி விட்டுவிட மனம் வரவில்லை.

ஆனால், இத்தனை அழகாக அமைத்த பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். ‘கொ’ என்பது பக்கத்தில் கொம்பு, ‘க’, கால் என்ற வரிசையில் வரையப்படுவதால், பல கோப்புகளில் நகலும் அந்தக் குழப்பத்தோடு வரும்; தேடலும் பிழைக்கும். மாணவர் ஒருவர் எங்கள் கட்டுரையை மேற்கோள் காட்ட முயன்று, மொத்தத்தையும் மறுபடி தட்டச்சு செய்ததாகச் சொன்னபோதுதான் இது உறைத்தது. உண்மை எழுத்துவரிசையையும் கோப்புக்குள் பதிக்கும் அமைப்பு சீடெக்கில் உண்டு, அதை இயக்கிவிட்டோம். அதோடு, ஒரே மூலக் கோப்பிலிருந்து பாண்டாக் என்னும் கோப்பு மாற்றி கொண்டு இணையப் பக்கமும் இபப் வடிவ மின்னூலும் எடுக்கிறோம். கைபேசியில் படிப்பவர்களுக்கு இபப் போதும். பிடிஎஃப் இப்போது அச்சகத்துக்கு மட்டும்தான்.

அச்சகம் என்றதும் 2018 குறிஞ்சி இதழ் நினைவுக்கு வருகிறது. 2006க்குப் பின் 12 ஆண்டு கழித்து நீலக்குறிஞ்சி பூத்த ஆண்டு அது. அட்டைக்கு எடுத்த படம் திரையில் நீலமும் ஊதாவும் கலந்து ஒளிர்ந்தது. அச்சாகி வந்த 500 அட்டைகளிலும் பூக்கள் மங்கிச் சாம்பல் பூத்துக் கிடந்தன. அச்சகத்தார் மையைக் குறை சொன்னார்கள், நான் அச்சகத்தைக் குறை சொன்னேன். உண்மையில், திரையின் மூவண்ண ஒளி காட்டும் நீல ஊதாவின் ஒரு பகுதியை அச்சின் நான்கு மைகளால் தரவே முடியாது. படத்தை முன்கூட்டியே நான்கு வண்ண முறைக்கு மாற்றித் திரையில் பார்த்திருந்தால், சற்று வெளிறிய பூக்கள் கொண்ட வேறு படத்தைத் தேர்ந்திருப்பேன். அன்று முதல் அட்டைப் படத்துக்கு ஒரு பிரதி அச்செடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் ஒப்புதல் தருவதில்லை. மூடுபனி நாளானால் மறுநாள்வரை காத்திருக்கிறேன்.

இப்போது அச்சிடுவது 120 பிரதிகள்தான். ஆஃப்செட்டில் 500 அடித்து அடுக்கி வைத்தால், இரண்டு மழைக்காலங்களில் பாதி பூஞ்சணம் பிடித்துவிடும்; டிஜிட்டல் அச்சில் ஒரு பிரதியின் விலை கூடுதல் என்றாலும் வீணாவது இல்லை.

இதழை அடையாளம் காட்டும் ஐஎஸ்எஸ்என் எண் கட்டணமில்லாமல் கிடைத்தது. அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று என்று தனித்தனியே வாங்க வேண்டும். ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற இதழ் மேலாண்மை மென்பொருளையும் நிறுவினோம். கட்டுரை வருவது முதல் வெளியாவதுவரை ஒவ்வொரு படிக்கும் அதில் இடம் உண்டு. எங்கள் மதிப்பீட்டாளர்களோ கருத்தைத் தொலைபேசியில் சொல்லிப் பழகியவர்கள்; அவர்கள் சொல்வதை நானே உள்ளிட வேண்டியிருந்ததால் அது அரைகுறையாகவே பயன்பட்டது. அதைவிடப் பயன்பட்டது ஸெனோடோ. ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்தும் இந்தக் களஞ்சியத்தில் கட்டுரையைச் சேர்த்தால், கட்டுரைக்கு நிலையான அடையாளமாகும் டிஓஐ எண் கட்டணமின்றிக் கிடைக்கிறது. திருத்திய வடிவத்தைச் சேர்த்தால் அதற்குத் தனி எண் வருகிறது. பழையதும் அழியாமல் இருக்கிறது. அந்த 8.2 மி.மீ. அட்டவணையின் திருத்திய வடிவம் இன்று அங்கே முதல் பார்வையிலேயே தெரிகிறது.

குறை என்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பேஜ்மேக்கர் காலத்தில் நான் ஊரில் இல்லாவிட்டாலும் எந்த டிடிபி கடையிலும் இதழை முடித்துக்கொள்ளலாம். சீலேடெக் கட்டளைகளைக் கற்க முன்வந்த இரண்டு தன்னார்வலர்களும் ஒரு மாதத்தில் விலகிவிட்டார்கள். 2022இல் நான் ஆறு வாரம் நோயுற்றிருந்தபோது இதழும் அப்படியே நின்றது. எளிய டெக்ஸ்ட் கோப்பாக இருப்பதால் உரை எந்தக் காலத்திலும் திறக்கும் என்பது உண்மைதான். அதைப் பக்கமாக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை.

திறக்காமல் போன அந்த இரண்டு இதழ்களை, வௌவாலைத் தேடிய ஆசிரியையே அச்சுப் பிரதியைப் பார்த்துத் தட்டச்சு செய்து வருகிறார். ஒன்று முடிந்துவிட்டது. மற்றதில் 19, 20ஆம் பக்கங்கள் இருந்த தாளைப் பூச்சி அரித்துவிட்டது. கூடலூரில் ஒரு பழைய சந்தாதாரர் தம்மிடம் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்றும், பரணில் தேடிப் பார்த்துச் சொல்வதாகவும் கூறியிருக்கிறார்.