லாரியின் இழுவையைத் தின்பது ஏசியா, ரேடியேட்டர் ஃபேனா?

"ஏசி போட்டா மேட்டுல வண்டி நவுரவே மாட்டேங்குதுங்ண்ணா." சேலத்தில் லோடு ஏற்றி, தொப்பூர் கணவாய் ஏறி, விடிகாலையில் பெங்களூர் யஷ்வந்த்பூர் வந்து சேர்ந்த எங்கள் டிரைவர் வண்டியை விட்டு இறங்கியதும் சொன்ன முதல் பேச்சு இது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு லாரி ஓனர், அவரும் ராசிபுரம் பக்கம்தான், "அதுக்குத்தான் நான் பழைய வண்டியே போதும்னு விட்டுட்டேன்" என்று ஒத்து ஊதினார். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும், மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டிய சரக்கு வண்டிகளுக்குக் கேபின் ஏசி கட்டாயம் என்று ஆனதிலிருந்து பெங்களூரில் நாலு தமிழ் லாரிக்காரர்கள் கூடினால் இதே புலம்பல்தான். என்னைக் கேட்டால் ஏசி மேல் போடுகிற பழி பாதிதான் உண்மை. மீதிப் பாதி ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை யாரும் திட்டுவதில்லை.

முதலில் ஏசி. லாரி கேபினைக் குளிர வைக்கும் கம்ப்ரஸர் எஞ்சினிலிருந்து எடுப்பது 3 முதல் 5 குதிரைத்திறன் அளவுதான், அதுவும் கம்ப்ரஸரின் சொந்தக் கிளட்ச் அதை எஞ்சினோடு பிடித்திருக்கும் நேரத்தில் மட்டும். 200 குதிரை எஞ்சினில் 4 குதிரை என்றால் நூற்றுக்கு இரண்டு. ஏழு கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிற வண்டிக்கு 21 நிமிடம் ஆகும் என்று வையுங்கள், ஏசி போட்டால் கூடுதலாக அரை நிமிடம் ஆகலாம், அவ்வளவுதான். "நவுரவே மாட்டேங்குது" என்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஏன் எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள்? பழைய மாருதி 800 ஓட்டிய அனுபவம் என்று நினைக்கிறேன். சுமார் 37 குதிரை எஞ்சினில் ஏசிக்கு நாலைந்து குதிரை போனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காலி, மேம்பாலம் ஏறும்போது ஏசியை அணைப்பது அன்றைக்கு நியாயமான பழக்கம். அந்தப் பழக்கம் லாரிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

இப்போது ஃபேன். டீசல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் சக்கரம் பக்கம் போகிறது, மீதியில் பெரும்பங்கு புகையோடும், எஞ்சினை ஆற்றுகிற திரவமான கூலன்டோடும் போகும் சூடு. கூலன்டில் வரும் சூட்டை வெளியே தள்ளுவதற்குக் காற்று வேண்டும், அந்தக் காற்றை இழுப்பதற்கு நம் நடுத்தர லாரியின் ஃபேனே முழு வேகத்தில் பத்து குதிரைக்கு மேல் தின்னும். அமெரிக்காவின் பெரிய டிரெய்லர் வண்டிகளில் 30, 40 குதிரை என்று போகும். இதில் முக்கியமான கணக்கு ஒன்று உண்டு, ஃபேனின் வேகம் இரண்டு மடங்கானால் அது கேட்கும் திறன் இரண்டு மடங்காக அல்ல, எட்டு மடங்காக ஏறும். 2500 ஆர்பிஎம்மில் 15 குதிரை கேட்கும் ஃபேன், தும்கூர் ரோட்டில் சமதரையில் 1400 ஆர்பிஎம்மில் போகும்போது மூன்று குதிரைகூடக் கேட்காது. கணவாயில் செகண்ட் கியர் போட்டு எஞ்சினைக் கதற விட்டால்தான் முழுசாகப் பிடுங்கும். ஆக, இழுவை எப்போது அதிகம் தேவையோ அப்போதே ஃபேனும் கையை நீட்டுகிறது. வண்டி வேகம் குறைவாக இருப்பதால் எதிர்க்காற்றும் உதவிக்கு வராது.

சரி, எந்த ஃபேன் நல்லது?

பெல்ட்டோடு நேராகச் சுற்றும் பழைய ஃபேன் எஞ்சின் ஓடும்வரை ஓடும். மார்கழிக் குளிரில் ஓசூர் தாண்டும்போதும் ஓடும், மழையிலும் ஓடும், தேவையா இல்லையா என்று அதற்குத் தெரியாது. ஆனால் கெடுவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, பெல்ட் அறுந்தால் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும். பழைய வண்டிகளைக் கட்டி மேய்ப்பவர்கள் இதை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் இதுதான், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

விஸ்கஸ் ஃபேன் கொஞ்சம் புத்திசாலி. நடுவில் ஒரு டப்பா, அதற்குள் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் முன்னால் இருக்கும் இரட்டை உலோகச் சுருள் வளைந்து வால்வைத் திறக்கும், எண்ணெய் உள்ளே பாய்ந்து ஃபேனைப் பிடித்துக்கொள்ளும். ஆறினால் விட்டுவிடும், அப்போது ஃபேன் சும்மா மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நெடுஞ்சாலையில் டீசல் மிச்சம், காலையில் எஞ்சின் சீக்கிரம் வேலைச் சூட்டுக்கு வரும், இரைச்சல் குறைவு. மேம்பாலம் மாதிரி சின்ன ஏற்றங்களில் சுருள் சூடாவதற்குள் மேடே முடிந்துவிடும், அங்கே இது நிஜமாகவே இழுவையைக் காப்பாற்றும். ஆனால் "விஸ்கஸ் போட்டா கணவாயில வண்டி பறக்கும்" என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். நீண்ட ஏற்றத்தில் பாதி தூரம் போவதற்குள் அதுவும் முழுசாகப் பிடித்துக்கொள்ளும், பழைய ஃபேன் தின்பதை இதுவும் கிட்டத்தட்ட அப்படியே தின்னும்.

எலக்ட்ரிக் ஃபேன் கேட்பவர்களும் இருக்கிறார்கள், காரில் இருக்கிறதே, லாரிக்கு ஏன் கூடாது என்று. காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். 10 கிலோவாட் ஃபேனுக்கு 24 வோல்டில் 400 ஆம்பியருக்கு மேல் வேண்டும், வண்டியில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் தருவது அதில் சின்னப் பங்கு. சின்ன பிக்கப் வண்டிக்குச் சரி, 16 டன் வண்டிக்கு அல்ல.

இந்த மூன்றிலும் மட்டமான நாலாவது ஒன்று இருக்கிறது, அதை நானே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். போன வருடம் எங்கள் வண்டி கொரகுண்டேபாளையா சிக்னல் நெரிசலில் சூடு ஏறி நின்றபோது பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். விஸ்கஸ் டப்பாவில் எண்ணெய் கசிந்திருந்தது. மாற்றுவதற்குப் பதில் இரண்டு போல்ட்டைக் குத்தி அதை நிரந்தரமாகப் பூட்டிவிட்டு, "இனிமே ஹீட்டே ஏறாது பாருங்க" என்று அனுப்பினார்கள். ஏறவில்லை, உண்மைதான். ஆனால் ஆகாய விமானம் மாதிரி ஒரு சத்தம், மைலேஜ் இறக்கம், மூன்று மாதத்தில் வாட்டர் பம்ப் பேரிங் தேய்ந்து பேச ஆரம்பித்தது. எங்கள் டிரைவர் திட்டிக்கொண்டிருந்த ஏசி வண்டியும் இதே வண்டிதான்! ஏசி போட்டதால் இழுக்கவில்லை என்று அவர் சொன்னபோது பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் அந்த இரண்டு போல்ட்டும் அப்படியே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன.

இருந்தாலும் டிரைவர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. ஏசியின் கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது, கேபினிலிருந்து எடுத்த சூட்டை அங்கேதான் கொட்டுகிறது. ரேடியேட்டருக்கு வரும் காற்று முதலிலேயே சூடாகி வந்தால் விஸ்கஸ் ஃபேன் சீக்கிரம் பிடிக்கும். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ஃபேன் இருக்கும் வண்டிகளில் ஏசி வாயுவின் அழுத்தம் கூடினாலே ஃபேனை முடுக்கிவிடும். ஆக ஏசி தனக்கென்று நாலு குதிரை எடுத்துக்கொண்டு, கூடவே பத்து குதிரைக்காரனையும் எழுப்பிவிடுகிறது. எழுப்பாமல் இருக்கச் செய்ய வேண்டிய வேலையெல்லாம் மலிவான வேலை. கன்டென்சர், டர்போ காற்றை ஆற்றும் இன்டர்கூலர், ரேடியேட்டர் என்று மூன்று தட்டு இப்போது, நடுவில் வைக்கோல் தூசியும் பூச்சியும் அடைத்திருந்தால் எந்த ஃபேன் போட்டும் பயனில்லை. ஃபேனைச் சுற்றியிருக்கும் வளையக் கவசத்தைப் பல ஒர்க்‌ஷாப்பில் கழற்றினால் திருப்பி மாட்டுவதே இல்லை, அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்திலிருக்கும் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். கூலன்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு கொடுமை, பெங்களூர் உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து குழாயைச் சுருக்கிவிடும். விஸ்கஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மெக்கானிக்கூட வேண்டாம், சூடான வண்டியை நிறுத்தி, எஞ்சின் முழுசாக நின்ற பிறகு ஃபேனைக் கையால் தள்ளிப் பாருங்கள், தடையே இல்லாமல் பம்பரம் மாதிரி நாலு சுற்று சுற்றினால் எண்ணெய் போய்விட்டது.

ஏசியே வேண்டாம், கண்ணாடியை இறக்கிக்கொள்கிறேன் என்பதும் ஒரு வழிதான். ஜன்னல் திறந்தால் காற்றுத்தடை கூடி டீசல் போகும் என்று கார்காரர்கள் சொல்வது லாரிக்கு அவ்வளவாகப் பொருந்தாது, முன்பக்கமே சுவர், மேலே தார்ப்பாய் படபடக்கிறது, இதில் ஜன்னல் எம்மாத்திரம். தண்ணீர் ஊற்றும் கூலர் பெல்லாரி, சோலாப்பூர் பக்கம் வறண்ட வெயிலில் அருமையாக வேலை செய்யும், சென்னை துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போது ஈரத்தோடு ஈரம் சேர்ந்து புழுங்கும்.

எனக்கு இழுவையை விடக் கவலை தருவது நிறுத்தி வைக்கும் நேரம்தான். பகலில் ஊருக்குள் விடாததால் நெலமங்கலா பக்கம் மணிக்கணக்கில் நிற்கிறோம், டிரைவர் ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினால் மணிக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 16 லிட்டர். பேட்டரியில் ஓடும் தனி ஏசி 800 வாட் எடுக்கும் என்றால், 24 வோல்டில் 180 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரியின் பாதியைச் செலவழித்து இரண்டரை மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் போனால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. முழு இரவுக்குக் கூடுதல் பேட்டரி வைக்கத்தான் வேண்டும். எங்கள் வண்டியில் போல்ட்டைப் பிடுங்கிப் புது விஸ்கஸ் மாட்டி, தொலைந்த கவசத்தையும் வாங்கிப் போட்டாயிற்று. அடுத்த ட்ரிப்பில் அதே கணவாயை ஏசி போட்டே ஏறி வந்த டிரைவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "பரவால்லீங்ண்ணா" என்றார், "ஆனா ஒரு பேட்டரி போட்டுக் குடுத்தீங்கன்னா நெலமங்கலால நிம்மதியாத் தூங்குவேன்."