பத்திரிகையா, ஆர்ட்டிஸ்டா, ஆர்கனைசரா? கச்சேரி போட்டோகிராபருக்கு எந்த வேலை தேறும்

சென்னைல ஃப்ரீலான்ஸா மியூசிக் போட்டோ எடுக்கறவங்களுக்கு வேலை பெரும்பாலும் மூணு பக்கத்துலேந்து தான் வரும். பத்திரிகையோ வெப்சைட்டோ அனுப்பும், இல்ல பாடறவங்களே நேரா கூப்பிடுவாங்க, இல்ல ஷோ நடத்தற ஆர்கனைசர் புக் பண்ணுவார். புதுசா வர்ற பசங்க எல்லாரும் கேக்கறது எதுல காசு ஜாஸ்தின்னு தான். ஆனா அந்தக் காசு எப்ப கைக்கு வரும், எடுத்த படம் கடைசில யாருக்கு சொந்தம், மேடைக்கு எவ்ளோ கிட்ட எவ்ளோ நேரம் நிக்க விடுவாங்க, இதெல்லாம் சேத்து பாக்காம ஒரு முடிவுக்கு வரவே கூடாது. என் கட்சி என்னன்னு மொதல்லயே சொல்லிடறேன், எழுத்துல பேசி வெச்சுக்கிட்டா ஆர்ட்டிஸ்ட் கிட்ட நேரா வேலை பாக்கறது தான் பெஸ்ட், மத்த ரெண்டும் அதுக்கு அப்புறம் தான்.

பத்திரிகை பாஸ்ல போனா மரியாதை இருக்கு, பேரோட படம் வரும், அத பாத்து நாலு பேர் கூப்பிடுவாங்க. ஆனா நேரம் கம்மி. நந்தனம் ஒய்எம்சிஏ கிரவுண்ட்லயோ நேரு ஸ்டேடியத்துலயோ நடக்கற பெரிய சினிமா பாட்டு கச்சேரின்னா அனேகமா உலகம் பூரா இருக்கற அதே ரூல் தான், மொத மூணு பாட்டு, ஃப்ளாஷ் கூடாது, அப்புறம் மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவுல நிக்கற எடமான பிட்ட விட்டு வெளிய போயிடணும். அந்த மூணு பாட்டுலயும் மொத பாட்டு பாதி நேரம் புகையும் பின்னாடி எல்ஈடி வாலோட வெளிச்சமும் தான், பாடறவர் முகம் கறுப்பா தான் விழும். சிவப்பு நீல லைட் அடிக்கறப்போ கேமரா மீட்டர நம்பாதீங்க, வெளிச்சத்த கிராஃபா காட்டற மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்கா இருக்கற மாதிரி காட்டும், ஆனா ரெட் சேனல் மட்டும் தனியா வெடிச்சு போயிருக்கும், கன்னம் மூக்கு எல்லாம் ஒரே செவப்புத் திட்டா வரும், அப்புறம் கேமரா பதப்படுத்தாம சேமிக்கற ரா ஃபைல்ல கூட மீட்க முடியாது. ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம தனித்தனியா பாத்துட்டு வெளிச்ச அளவ முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் கம்மியா வெச்சு எடுங்க. காதுக்கு பிளக் போடுங்க, பிட்ல நிக்கற எடத்துக்கு நேரா சப் வூஃபர் இருக்கும், காது போனா இந்த வேலைல ஆசையே போயிடும்.

கர்நாடக சங்கீத சபால பத்திரிகைக்காரனா போனாலும் இதே கதை தான், கொஞ்சம் மென்மையா நடக்கும். ஆரம்பத்துல பாடற வர்ணமோ மொத கிருதியோ முடியறதுக்குள்ள எடுத்துட்டு ஓரமா போயிடணும்னு எதிர்பாப்பாங்க. ரெண்டரை மணி நேரக் கச்சேரில அந்த நேரத்துல குரலே இன்னும் சூடாகி இருக்காது, முகத்துல ஒண்ணும் வராது. படம் கெடைக்கறதெல்லாம் அப்புறம் தான், ராகம் தானம் பல்லவில பாடறவங்க கண்ண மூடிக்கிட்டு உள்ள போறப்போ, தாள வாத்தியம் மட்டும் தனியா வாசிக்கற தனி ஆவர்த்தனத்துல மிருதங்கமும் கடமும் மாத்தி மாத்தி வாசிக்க, வயலின் வாசிக்கறவர் வில்ல மடில வெச்சுட்டு தாளம் போட்டுட்டே சிரிப்பாரே, அந்த நேரத்துல. அப்ப நீங்க கேன்டீன்ல காபி குடிச்சிட்டு இருப்பீங்க.

ஆர்ட்டிஸ்ட் கூப்பிட்டா இந்த நேரம் முழுசும் உங்களுக்கு தான். சாயங்காலம் மைக் செக்லேயே போய் உக்காரலாம், தம்பூரா சுருதி சேக்கறத எடுக்கலாம், முக்கியமா பேசலாம். எத பேசறதுன்னா, மேடைல மின்னாடி வெக்கற சாமான்கள பத்தி. இப்போ நெறைய பேர் சாகித்யம், அதாவது பாட்டு வரி பாக்க ஐபேட் ஸ்டாண்ட் வெக்கறாங்க, அதுக்கு பக்கத்துல ஃபிளாஸ்க், சுருதி பெட்டி, மொபைல். கீழேந்து எடுத்தா ஐபேட்டோட முதுகு தான் படத்துல பெருசா இருக்கும், தாடைய பாதி மறைச்சுடும். ஒரு சாண் தள்ளி சாச்சு வெக்கலாமான்னு கச்சேரிக்கு முன்னாடி பணிவா கேட்டா நிச்சயம் கேப்பாங்க, அவங்க படம் தானே. பத்திரிகை பாஸ்ல வந்தவன் இதெல்லாம் கேக்கவே முடியாது.

இன்னொண்ணு. மிருதங்கக்காரர், கறுப்பு மை பூசின பக்கமான வலந்தலை சபைய பாத்து இருக்கற மாதிரி தான் உக்காருவார், அதனால எந்தப் பக்கம் மிருதங்கம் எந்தப் பக்கம் வயலின்னு அனேகமா முன்னாடியே சொல்லிடலாம், ஆனா அன்னிக்கு வாசிக்கறவர் இடது கைக்காரரா இருந்தா எடம் அப்படியே மாறிடும். பக்கவாத்தியம் யாருன்னு ஆர்ட்டிஸ்ட் கிட்ட கேட்டு வெச்சுக்கிட்டா எந்த ஓரத்துல நிக்கறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணலாம், ஆல்ரெடி ஆள் உக்காந்திருக்கற சபால நடுவுல எழுந்து எடம் மாத்தறது மாதிரி கொடுமை வேற இல்ல.

சத்தம் பத்தியும் சொல்லணும். மியூசிக் அகாடமி மாதிரி ஹால்ல தாளம் இல்லாம விருத்தம் பாடறப்போ டிஎஸ்எல்ஆர் கண்ணாடி டக்குனு அடிக்கற சத்தம் அஞ்சாவது வரிசை வரைக்கும் கேக்கும். மிரர்லெஸ்ல சைலன்ட் ஷட்டர் இதுக்கு வரப்பிரசாதம், ஆனா எல்ஈடி லைட் போட்ட ஹால்ல படத்துல கோடு கோடா விழும், மிருதங்கத்துல விரல் வேகமா போறப்போ வளைஞ்சு தெரியும். படத்த ரொம்ப வேகமா படிக்கற ஸ்டேக்டு சென்சார் இருக்கற சோனி ஏ9, நிக்கான் இசட்9 மாதிரி கேமரா பாடில இந்தத் தொல்லை ரொம்ப கம்மி, வெல தான் கண்ண கட்டும். சாதா பாடி வெச்சிருக்கவங்க மைக் செக்லயே நாலஞ்சு ஷட்டர் ஸ்பீட் மாத்தி எடுத்து எதுல கோடு வரலன்னு பாத்து வெச்சுக்கோங்க. ஆர்ட்டிஸ்ட் கூட போனா மட்டும் தான் அந்த டெஸ்ட்டுக்கு நேரம் கெடைக்கும், திரும்ப திரும்ப இதையே சொல்றேன்னு நெனைக்காதீங்க, படத்தோட தரமே இதுல தான் இருக்கு.

ஆர்கனைசர் வேலைல காசு பெருசு, சுதந்திரமும் பெருசு. மேடைக்கு பின்னாடிலேந்து கூட்டத்த எடுக்கலாம், சவுண்ட் கன்சோல் பக்கத்துலேந்து வைட் எடுக்கலாம், யாரும் மூணு பாட்டுன்னு தொரத்த மாட்டாங்க. ஆனா நீங்க எடுக்கறது பாட்ட இல்ல, நிகழ்ச்சிய. ஸ்பான்சர் பேனர் ஒவ்வொண்ணும் தெளிவா வரணும், விஐபி வரிசை வரணும், பாட்டு ஓடிட்டு இருக்கறப்பவே இன்ஸ்டாகிராமுக்கு படம் அனுப்பிட்டே இருக்கணும். கார்டும் கையுமா ஓரத்துல லேப்டாப்ப தொறந்து உக்காந்திருக்கறப்போ தான் அந்தப் பக்கம் நல்ல பாட்டு ஓடும். கூட்டம் கை மீறினா அதோட ஆபத்தும் உங்களுக்கும் சேத்து தான். 2023 செப்டம்பர்ல ஈசிஆர் பனையூர்ல நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரில டிக்கெட் வாங்கினவங்களே உள்ள போக முடியாம நெரிசல்ல தவிச்சத எல்லாரும் பாத்தோம். அந்த மாதிரி எடத்துல ரெண்டு பாடி, பெரிய லென்ஸ் தோள்ல மாட்டிட்டு நிக்கற ஃப்ரீலான்சருக்கு இன்ஷூரன்ஸ் யார் எடுத்திருக்காங்க? நீங்க எடுத்தா தான் உண்டு, அத ரேட்லயே சேத்து கேளுங்க.

இப்போ உரிமை. இதுல நெறைய பேர் ஃப்ரீலான்சர்னாலே படம் நம்மளுதுன்னு நம்பிட்டு இருக்காங்க. 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 17-வது பிரிவு படி ஒருத்தர் கேட்டு, காசு குடுத்து எடுத்த போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லேன்னா, அந்தக் காசு குடுத்தவர் தான் மொத சொந்தக்காரர். பத்திரிகை அசைன்மென்ட்னாலும் சரி, ஆர்ட்டிஸ்ட், ஆர்கனைசர்னாலும் சரி. யாரும் கேக்காம நீங்களா பாஸ் வாங்கி எடுத்து அப்புறம் வித்தா தான் அது உங்களுது. அதனால ஒரு மெயில்லயாவது, பதிப்புரிமை எனக்கு, உங்களுக்கு போஸ்டர் சோஷியல் மீடியா ஆல்பம் கவருக்கு யூஸ் பண்ண லைசென்ஸ்னு எழுதி அவங்க சரின்னு ரிப்ளை போட வெச்சுடுங்க. என் அனுபவத்துல இதுக்கு ஈசியா ஒத்துக்கறது ஆர்ட்டிஸ்ட் தான், ஏன்னா அவங்களும் பாட்டுக்கு உரிமை வேணும்னு போராடற ஆளுங்க, சொன்னா புரியும். ஆர்கனைசர் காகிதத்துல பெரும்பாலும் எல்லாமே எங்களுக்கேன்னு தான் இருக்கும்.

காசு வர்ற வேகமும் இதே வரிசை தான். ஆர்ட்டிஸ்ட் அன்னிக்கு ராத்திரியே ஜிபே பண்ணிடுவாங்க, பத்திரிகை படம் வந்தப்புறம் பில் போட சொல்லும், ஆர்கனைசர் ஸ்பான்சர் காசு வரட்டும்பார். சின்ன தொழில்களுக்கு அரசாங்கம் குடுக்கற உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் போட்டு வெச்சுக்கோங்க, இலவசம் தான். சின்ன தொழில்களுக்கான எம்எஸ்எம்ஈ சட்டத்துல, காசு குடுக்கற நாள எழுத்துல பேசியிருந்தா அதிகபட்சம் 45 நாள், பேசலேன்னா 15 நாள், அதுக்குள்ள குடுக்கணும், தாண்டினா வட்டி கேக்கலாம். பில்லுலயே உத்யம் நம்பர அடிச்சு அனுப்புங்க, அக்கவுண்ட்ஸ் செக்ஷன்ல அத பாத்த ஒடனே குரலே மாறும்.

ஆர்ட்டிஸ்ட் வேலைல ஒரே ஒரு கஷ்டம், நட்புக்கு எடுத்து குடுன்னு ஆரம்பிச்சு அதுவே பழக்கமாயிடும். மொத தடவையே ஒரு ரேட் சொல்லுங்க, சின்ன ரேட்டா இருந்தாலும் சரி. வளர்ற பாடகர்கள் மதியம் ஒரு மணி ஸ்லாட்ல கூட்டமே இல்லாத ஹால்ல பாடுவாங்க, அவங்களுக்கு நல்ல படம் ரொம்ப தேவை, நீங்க ஹால் பூரா நடந்து எடுக்கலாம், யாரையும் மறைக்க மாட்டீங்க. டிசம்பர் சங்கீத சீசன் ஷெட்யூல் வர்றதுக்கு முன்னாடியே அவங்கள்ல ரெண்டு மூணு பேர் கிட்ட சீசன் முழுசுக்கும் சேத்து ஒரு ரேட் பேசிடுங்க, மிச்சம் இருக்கற நாளுக்கு பத்திரிகைக்கும் ஆர்கனைசருக்கும் டேட் குடுக்கலாம்.