பழைய சி++ நிரலைச் சோதிக்க ஜிசிசியே போதுமா?

சி++ மொழியின் 1998ஆம் ஆண்டுத் தரமான சி++98 காலத்தில் எழுதிய என் சரக்கிருப்பு நிரலை இந்த மாதம்தான் 2020ஆம் ஆண்டுத் தரமான சி++20க்கு மாற்றினேன். எடுத்தவுடன் புதிய தரத்தில் கம்பைல் செய்யாமல், பழைய தரத்திலேயே ஜிசிசி என்ற கம்பைலருக்கு ‘டபிள்யூ ஆல்’ (-Wall) என்ற எச்சரிக்கைத் தெரிவைக் கொடுத்துப் பார்த்தேன். அருமையான வேலை! ஒரு மாறிக்கு ‘ரிக்வயர்ஸ்’ (requires) என்று பெயர் வைத்திருந்தேன். அது சி++20இல் மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொல் என்று வரி எண்ணோடு காட்டியது. ஆனால் ஒரு கோப்பில் அந்தப் பெயர் எத்தனை முறை வந்தாலும் முதல் இடத்தை மட்டும்தான் சொல்கிறது. மீதியை நானே தேடிப் பிடித்தேன்.

அப்புறம் ‘ஆட்டோ பாயிண்டர்’ (auto_ptr), அதாவது நினைவகத்தைத் தானே விடுவிக்கும் பழைய சுட்டி வகை. சி++17 தரத்திலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள். ஜிசிசியின் நூலகம் இன்னும் அதை வைத்திருக்கிறது, வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறது. அங்கே நிரலை ஆராய்ந்து திருத்தும் கருவியான கிளாங்-டைடி கைகொடுத்தது: அதற்குப் பதிலான ‘யுனீக் பாயிண்டர்’ (unique_ptr) என்று மாற்றி, சுட்டியின் உரிமை கைமாறும் இடங்களில் ‘மூவ்’ (std::move) சேர்த்தும் கொடுத்தது. ஒரு செயற்கூறு எந்தெந்த விதிவிலக்குகளை எறியலாம் என்று சொல்லும் ‘த்ரோ’ (throw) பட்டியல்களைச் சி++17 முறையில் ஜிசிசியே பிழை என்று நிறுத்திவிடும், அதைத் தவறவிட வழியில்லை.

இரண்டுமே இலவசம். பழைய நிரல் வைத்திருப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள்.