மாங்கனீஸ் லித்தியம் சல்லடைக் குருணை: ஆர்ஓ கழிவுநீருக்கு வாங்கலாமா?

கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்திக் குடிநீராக்கும் ஆர்ஓ ஆலைகளின் கழிவு உவர்நீரிலிருந்து லித்தியம் எடுக்கலாம் என்று சொல்லி விற்கப்படும் கறுப்பு நிறக் குருணை இது. உள்ளே இருப்பது ஸ்பினல் எனும் நுண்துளைப் படிக அமைப்பு கொண்ட லித்தியம் மாங்கனீஸ் ஆக்சைடு. அமிலத்தால் லித்தியத்தை வெளியேற்றிவிட்டால் அதன் இடத்தில் ஹைட்ரஜன் அயனி உட்காரும். உவர்நீர் பட்டதும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும்.

தேர்ந்தெடுக்கும் திறனில் குறை சொல்ல முடியாது. மெக்னீசியம் அயனியின் அளவு லித்தியத்துக்கு மிக நெருக்கம்தான். ஆனால் அது தன்னைச் சுற்றிய நீர் மூலக்கூறுகளை எளிதில் உதறாது, அதனால் துளைக்குள் நுழைய முடிவதில்லை. சோடியத்துக்கு அந்தத் துளையே போதாது.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. கடல்நீரில் லித்தியம் லிட்டருக்குச் சுமார் 0.17 மி.கி. ஆலை 42% நீரைக் குடிநீராக மீட்டால் கழிவில் அது 0.3 மி.கி.க்கு ஏறும், அவ்வளவுதான். ஒரு கிலோ குருணை 15 கிராம் பிடிக்கும் என்று வைத்தாலும் 50,000 லிட்டர் உவர்நீர் அதன் வழியே போக வேண்டும். ஒரு கிலோ ஏறத்தாழ ஒரு லிட்டர் இடம் பிடிக்கும். மணிக்குப் பத்து லிட்டர் விட்டால் 5,000 மணி நேரம், அதாவது ஏழு மாதம். கடைசியில் கிடைப்பது 80 கிராம் லித்தியம் கார்பனேட். வேகத்தைக் கூட்டினால் குருணை நிரப்பிய தூணில் அழுத்தம் ஏறும், லித்தியமும் குருணைக்குள் ஊறுவதற்கு முன்பே வெளியே போய்விடும். அர்ஜென்டினாவின் ஓம்ப்ரே முவெர்த்தோ உப்பு ஏரியில் இதேபோல் லித்தியத்தைப் பொருளில் பிடித்தெடுக்கும் பரப்புக் கவர்தல் முறை பல ஆண்டுகளாக ஓடுகிறதே என்பார்கள். அங்கே லித்தியம் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மி.கி.; பிடிக்கும் பொருளும் அலுமினிய வகை. அந்த உதாரணத்தைக் காட்டி இதை விற்பது நியாயமில்லை.

ஆர்ஓ கழிவில் இன்னொரு வில்லங்கம் உண்டு. சவ்வைக் காப்பாற்றக் குளோரினை முறிக்கப் போடும் சோடியம் பைசல்பைட் மிச்சம் கழிவிலும் வரும். அது மாங்கனீஸை ஒடுக்கிக் கரைத்துவிடும். தூணுக்கு முன் காற்றடித்துக் கலக்கி, சல்பைட் சோதனையில் பூஜ்யம் வந்த பிறகே நீரை விட வேண்டும். படிவத் தடுப்பு மருந்திலுள்ள பாஸ்போனேட்டும் குருணையின் மேல் ஒட்டிக்கொள்ளக்கூடும். குருணையிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் அயனி நீரை அமிலமாக்கி பிஎச்சை இறக்கிவிடும் என்று விற்பவர்கள் பயமுறுத்துவார்கள்; இங்கே அந்தக் கவலை வேண்டாம். லித்தியம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது வெளியேறும் அமிலத்தை நீரிலுள்ள பைகார்பனேட்டே தாங்கிவிடும். காஸ்டிக் சோடா ஊற்றி பிஎச்சை 9.5-க்கு மேல் ஏற்றினால்தான் வம்பு. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வெள்ளையாகப் படிந்து குருணையை மூடிவிடும்.

அமிலக் கழுவலுக்கு முன் தூணிலுள்ள உவர்நீரை ஆர்ஓ நன்னீரால் வெளியேற்றுங்கள். வெளிவரும் நீரின் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) லிட்டருக்கு 500 மி.கி.க்குக் கீழே இறங்கும்வரை. பிறகு 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 15 கிராம் லித்தியத்துக்கு ஐந்து லிட்டர் போதும், மெதுவாக. அமிலத்தைக் கடுமையாக்கினால் நேரம் மிச்சமாகும், குருணை மிஞ்சாது. மூன்று இணைதிற மாங்கனீஸ் அமிலத்தில் இரண்டாகப் பிரிந்து ஒரு பகுதி கரைவதுதான் காரணம். ஒவ்வொரு கழுவலிலும் சில சதவீதம் போவது வழக்கம். கழுவிய நீரில் கொஞ்சம் எடுத்துக் காஸ்டிக் விட்டுத் திறந்து வையுங்கள். பழுப்பு நிறம் ஏறினால் மாங்கனீஸ் கரைந்திருக்கிறது.

தூளைக் குருணையாக ஒட்டும் பிணைப்பான் எது என்று கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். பிவிசி என்றால் உறுதி உண்டு, நீர் ஊறாது. குறுக்கிணைப்பு செய்யாத (இழைகளை ஒன்றோடொன்று பிணைக்காத) கைட்டோசன், அதாவது இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள் என்றால் அமிலத்தில் கூழாகிவிடும். 'கிராமுக்கு 35 மி.கி.' என்று தாளில் போட்டிருந்தால், அது வெறும் தூளுக்கா குருணைக்கா, எந்தச் செறிவில் அளந்தது என்று எழுதி வாங்குங்கள். லிட்டருக்கு 100 மி.கி. கரைசலில் அளந்த எண் 0.3-க்குப் பொருந்தாது.

ஆர்ஓ கழிவுக்கு நேரடியாக வாங்குவது வீண்செலவு. உப்பளத்தில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்புநீர் கிடைக்கும் இடமென்றால் ஐந்து கிலோ வாங்கிச் சோதிக்கலாம். அந்த நீர் கடல்நீரைவிடப் பத்து மடங்குக்கு மேல் சுண்டியது. அமிலத்தைத் தாங்கும் கார்பனேட் முன்பே படிந்து போயிருப்பதால் அங்கே பிஎச்சைக் கட்டாயம் கண்காணிக்க வேண்டும்.