பாயா, ஜமுக்காளமா, ரப்பர் மேட்டா? யோகா வகுப்புக்குக் கிளம்பும் முன்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மொட்டை மாடியில் யோகா வகுப்பு ஆரம்பித்தார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்று பெயரைக் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் சந்தேகம் வந்தது: எதை விரித்துச் செய்வது? வீட்டில் கோரைப்பாய் இருந்தது. அம்மா கொடுத்த பவானி ஜமுக்காளம் பீரோவுக்கு மேல் கிடந்தது. பாரிமுனைப் பக்கம் போனபோது கடைக்காரத் தம்பி ஒரு மேட்டை விரித்துப் போட்டு, "யக்கா, இது மேல நின்னா அசையவே மாட்டே, எடுத்துக்கோ" என்றான். எடுத்துக்கொண்டேன். மூன்றையும் ஆறு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்தாகிவிட்டது.

கோரைப்பாயில் காற்று போகும், முதுகு வேர்த்தாலும் பிசுபிசுக்காது. கடைசியில் சவாசனத்தில் படுக்கும்போது அதை மிஞ்ச ஆளில்லை. எழுந்து ஆசனம் செய்யும்போதுதான் வம்பு. கையையும் காலையும் ஊன்றி இடுப்பைக் கூரை மாதிரி உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் உடம்பின் பாரம் பாயைத் தள்ளும். மாடியின் சொரசொரப்பான சிமென்ட் தரை அதைப் பிடித்து வைத்திருந்தது. ஒரு மழை நாளில் வகுப்பைக் கீழே மொசைக் தரைக்கு மாற்றினார்கள். பாயும் நானும் சேர்ந்து வழுக்கி, முன்வரிசை அக்காவின் காலடியில் போய் நின்றோம். முட்டி போட்டு எழுந்தால் கோரை வரிகள் முட்டியில் அச்சாகப் பதிந்திருக்கும், அது வேறு.

மேட் என்றால் எல்லாம் ரப்பர் இல்லை. கடையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் பிவிசி அல்லது ஈவிஏ என்ற பிளாஸ்டிக் வகைகள். அசல் ரப்பர் கனமாக இருக்கும், வாசனையும் விலையும் தூக்கல். வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல் தடிமனைக் கேளுங்கள். 10 மில்லிமீட்டர் மெத்தென்று இருக்கும். ஆனால் ஒற்றைக் காலில் விருட்சாசனம் நின்றால் பாதம் அமுங்கி ஆட்டம் காணும். 4 மில்லிமீட்டரில் நிற்பது எளிது, முட்டிக்குத்தான் உறுத்தும். எனக்கு 6 தோதாக இருந்தது. வழக்கமான நீளம் 68 அங்குலம், அதாவது 173 சென்டிமீட்டர். அதைவிட உயரமானவர்களுக்குத் தலை தரையில்தான்.

நம் ஏரியாவில் மேட்டுக்கு ஒரு தொல்லை உண்டு. கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரப்பசை. வேர்வையோடு சுருட்டி வைத்தால் இரண்டே நாளில் நாற்றம் எடுக்கும். சரி, வெயிலில் காயட்டும் என்று சித்திரையில் ஒரு நாள் மாடிச் சுவரில் போட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டு, வெயில் மேட்டை ஓர் அங்குலம் குட்டையாக்கி வைத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்து நிழலில் கொடியில் போட வேண்டும்.

ஜமுக்காளத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. எனக்கு அதுதான் முதலிடம். கெட்டிப் பருத்தி, வேர்வையை உறிஞ்சும், சிமென்ட்டில் நகராது. நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் வைத்தால் சம்மணம் போட்டு உட்காரும்போது முட்டி தானாகத் தாழும். இதை மேட்டும் செய்யாது, பாயும் செய்யாது. துவைப்பதுதான் தண்டனை, நனைந்தால் ஒரு ஆள் கனம். மொசைக், டைல்ஸ் தரை என்றால் மட்டும் மேட்டைக் கீழே போட்டு அதன்மேல் ஜமுக்காளத்தை விரிக்கிறேன்.

உடுப்பில் போட்டி பெரிதாக இல்லை. தொளதொளப்பான சுடிதார் பேன்ட் சர்வாங்காசனத்தில் கால் தூக்கியதும் முட்டிவரை இறங்கிவிடும். துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் கணுக்காலில் எலாஸ்டிக் வைத்த காட்டன் பேன்ட் கிடைக்கிறது, அது போதும். துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சாப்பாட்டில்தான் வகுப்பில் இரண்டு கட்சி. வெறும் வயிறு என்பது ஒன்று, இரண்டு இட்லியாவது போடணும் என்பது இன்னொன்று. முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று, நான்கு மணி நேரம் விட வேண்டும் என்பார் மாஸ்டர். இட்லி கட்சி, படுத்துக் காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனத்தில் ஏப்பம் விட்டதை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினியாக வரக் கூடாது. ரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம் இருப்பவர்கள் முதல் நாளே மாஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும். தலைகீழ் ஆசனங்கள் அவர்களுக்கு ஆகாது.

காலை வகுப்பு ஐந்தே முக்கால், மாலை வகுப்பு ஆறு. மாலையில் உடம்பு நன்றாக வளையும் என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் தெருமுனையில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டியில் வெங்காயம் வறுத்த வாசனை மாடிக்கு ஏறும். கண்ணை மூடினால் மூச்சா தெரியும், அத்தோவோடு தரும் மொறுமொறு பேஜோவும் முட்டையும்தான். நான் காலைக்கு மாறிவிட்டேன். மெட்ரோ வாட்டர் லாரி வரும் நாட்களில் மட்டும் மேட்டுக்குப் பதில் குடம்.