கைப்பிடி உப்பு ரிஃப்ராக்டோமீற்றர்: வாவித் தண்ணீருக்கு எவ்வளவு நம்பலாம்?

0 முதல் 100 பிபிடி (ஒரு கிலோ உப்புத் தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு என்பது) வரை அளவுகோல், கண்ணாடிப் பட்டகம், அதன் மேல் ஒரு மூடி. பெட்டிக்குள் துளிக்குழாயும் சிறிய திருகாணிச் செலுத்தியும் இருக்கும். பெரும்பாலும் எந்தக் கம்பனியின் பெயரும் இல்லாமல் விற்கப்படும் இந்தக் கருவிதான் இறால் குளத்துக்கு வாங்கக்கூடியவற்றில் மிகவும் பயனுள்ளது. கண்ணாடி மிதவைமானிக்கு ஒரு குவளைத் தண்ணீர் வேண்டும், தவறினால் உடையும். இதற்கு இரண்டு துளி போதும், பற்றரியும் தேவையில்லை. ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு குளத்தில் அளந்தால் 1 அல்லது 2 பிபிடி பிழையோடுதான் வேலை தொடங்கும்.

காரணம் அளவுகோலில் இருக்கிறது. கருவி உப்பை நிறுப்பதில்லை. ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. 35 பிபிடி கடல்நீர் ஒளியை வளைக்கும் அளவுக்கு வெறும் சோடியம் குளோரைட்டுக் கரைசல் வளைக்க வேண்டுமானால் 36.5 பிபிடி தேவை. மலிவுக் கருவிகள் பலவற்றில் கோடுகள் சோடியம் குளோரைட்டுக்காகவே போடப்பட்டிருக்கும். வெளியே அதை எழுதியிருக்க மாட்டார்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். முதலில் காய்ச்சி வடித்த நீரை விட்டு, திருகாணியைத் திருப்பி, உள்ளே பார்க்கும்போது தெரியும் எல்லைக் கோட்டை 0 இல் நிறுத்துங்கள். பிறகு 0.01 கிராம் காட்டும் நகைத் தராசில் 3.65 கிராம் உப்பும் 96.35 கிராம் காய்ச்சி வடித்த நீரும் நிறுத்துக் கரையுங்கள். இதை அளக்கும்போது 36.5 காட்டினால் அது சோடியம் குளோரைட்டு அளவுகோல், 35 காட்டினால் கடல்நீர் அளவுகோல். முதல் வகையானால் வாசிப்பை 0.96 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே பலரும் தவறுவது உப்பில்தான். ஈரமான உப்பில் 5 சதவீதம் தண்ணீர் இருந்தால், 3.65 கிராமில் உண்மையான உப்பு 3.47 கிராம்தான். கரைசல் 34.7 பிபிடி ஆகிவிடும். சோடியம் குளோரைட்டு அளவுகோல் அதற்கு 35 ஐ ஒட்டிக் காட்ட, அது கடல்நீர்க் கருவி என்று நம்பிவிடுவீர்கள். அதனால் தூய உப்பை 110 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் உலர்த்தி, மூடி ஆறவைத்து நிறுங்கள். கல் உப்பு இதற்கு உதவாது. அதிலுள்ள மக்னீசிய உப்பு ஈரத்தை இழுக்கும்.

அடுத்தது வெயில். தண்ணீர் 20 பாகையிலிருந்து 30 பாகைக்குச் சூடானால், திருத்தம் இல்லாத கருவியில் வாசிப்பு ஏறக்குறைய 6 பிபிடி இறங்கும். தானியங்கி வெப்பத் திருத்தம் உள்ள கருவி இதைச் சரிசெய்யும், ஆனால் வழமையாக 10 முதல் 30 பாகை வரைதான். நம் பக்கத்து மதிய வெயிலில் வரம்பில் வைத்த கருவி அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். நிழலில் வையுங்கள், துளியை விட்டு அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள். கோடு மங்கலாக இருந்தால் காற்றுக் குமிழோ சேறோதான் காரணம். தண்ணீரைத் தெளியவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள்.

மாரியில் வாவியின் மேல்தண்ணீர் மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். மழைநீர் மேலே மிதக்கும், பாரமான உவர்நீர் அடியில் கிடக்கும். முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் இரண்டு மட்டத்திலும் மாதிரி எடுப்பது அவசியம்.

கருவாட்டு உப்புநீர் 20 சதவீதம், அதாவது 200 பிபிடி. அளவுகோலுக்குள் அடங்காது. 50 கிராம் உப்புநீரோடு 200 கிராம் தண்ணீர் கலந்து அளந்து, வாசிப்பை 5 ஆல் பெருக்குங்கள். நிறுக்காமல் 50 மில்லிலீற்றருக்கு 200 மில்லிலீற்றர் என்று கலந்தால் விடை 22 சதவீதத்துக்கு மேல் வரும். அந்த 50 மில்லிலீற்றர் உப்புநீரின் நிறை 57 கிராமுக்கும் மேல் என்பதே காரணம்.

உறைநிலையைக் கணிக்க இந்த வாசிப்பை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உறைநிலை இறக்கமும் பிரசாரண அமுக்கமும் (மெல்லிய சவ்வுக்கு ஊடாகத் தண்ணீரை இழுக்கும் அமுக்கம்) கரைந்த துணிக்கைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவை, கருவிக்கு எண்ணத் தெரியாது. மேலே சொன்ன 36.5 பிபிடி சோடியம் குளோரைட்டுக் கரைசலில் ஒரு கிலோ நீருக்கு 0.648 மூல் உப்பு. இரண்டு அயன்கள் என்று 2 ஆலும், நீரின் உறைநிலை மாறிலி 1.86 ஆலும் பெருக்கினால் 2.41 பாகை இறக்கம் வரும். அயன்கள் ஒன்றையொன்று இழுப்பதால் உண்மையில் 2.2 பாகைதான். அதே கோட்டைக் காட்டும் 35 பிபிடி கடல்நீர் மைனஸ் 1.9 பாகையிலேயே உறையத் தொடங்கும், ஏனென்றால் அதிலுள்ள மக்னீசியமும் சல்பேற்றும் வேறு கணக்கு. ஆகவே மீனுக்குக் கடல்நீரில் ஐஸ் போடுபவர்கள் சோடியம் குளோரைட்டுக் கணக்கைப் போடக்கூடாது. 100 கிலோ கடல்நீரில் 50 கிலோ ஐஸ் உருகினால் உவர்ப்பு 23 பிபிடிக்கு இறங்கும், உறைநிலை மைனஸ் 1.3 பாகைக்கு ஏறும்.

குளங்களில் வளர்க்கும் வன்னமை இன இறாலின் இரத்தமும் தண்ணீரும் சமச்செறிவாக இருப்பது 25 பிபிடி அளவில். அந்த இடத்தில் 1 பிபிடி பிழை இறாலைக் கொல்லாது. குஞ்சுகளைப் பையிலிருந்து குளத்துக்கு மாற்றும்போது இரண்டு தண்ணீரையும் ஒரே கருவியால் அளந்தால் போதும், வித்தியாசம்தான் முக்கியம்.

ஒவ்வொரு அளவுக்கும் பின் பட்டகத்தை நல்ல தண்ணீர் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள். குழாயின் கீழ் பிடித்துக் கழுவினால் தண்ணீர் உள்ளே போய் வில்லையில் ஈரம் படிந்து மங்கும், அதைக் கழற்றித் துடைக்க வழியில்லை.